பாத்தியும் பாடும்: தூத்துக்குடிக் கரையில் குழந்தைகளின் இல்லாமையை அளத்தல்

தமிழ்நாட்டில் 100 பேரில் இரண்டு பேர்தான் ஏழைகள் என்கிறது ஒரு கணக்கு. நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, 2015-16இல் 4.76 சதவீதமாக இருந்த வறியவர் விகிதம் 2019-21இல் 2.20 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அந்தக் கணக்குக்குத் தரவு தந்தது தேசியக் குடும்பநல ஆய்வு. அதே ஆய்வில் இன்னொரு பக்கத்தைப் புரட்டினால், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே ரத்தசோகை 50.7 சதவீதத்திலிருந்து 57.4 சதவீதமாக ஏறியிருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 14.6 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருக்கிறார்கள். ஒரே ஆய்வுதான். அதில் வறுமை பாதிக்கும் கீழே போகிறது, குழந்தையின் ரத்தமோ வெளிறிக்கொண்டே வருகிறது.

இரண்டில் எதுவும் பொய்க்கணக்கு இல்லை. ஆனால் வீட்டில் என்னென்ன இல்லை என்று எண்ணிக் கூட்டினால், எந்தக் குழந்தைக்கு நோய் காத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம் என்ற நம்பிக்கை பல நாடுகளில் அரசுகளின் திட்டங்களுக்கு அடித்தளமாக இருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத் தூத்துக்குடிக் கரையில் வைத்துப் பார்க்கலாம். வேம்பாரிலிருந்து பெரியதாழைவரை நீளும் இந்தக் கரையில் இரண்டு பிழைப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு சாரார் கடலுக்குப் போகிறார்கள். இன்னொரு சாரார் கடலைப் பாத்தியில் பாய்ச்சிக் காயவைக்கிறார்கள். இரு வீட்டுக் குழந்தைகளையும் அருகருகே நிறுத்தி ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்பதே இந்த ஒப்பாய்வு.

ஒரே தண்ணீர், இரண்டு பிழைப்பு

'முத்துநகர்' என்ற பெயர் இப்போது ரயிலுக்கும் கடைப்பலகைகளுக்கும்தான். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் உண்டு. மற்றவர்களுக்கு வலைதான் வாழ்க்கை: விசைப்படகு, நாட்டுப்படகு, பைபர் படகு. கூலி என்று ஒன்று கிடையாது. பிடித்த மீன் ஏலம்போன பிறகு டீசல், ஐஸ் செலவு கழித்து மிஞ்சுவதில் பங்கு. கரையில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்பது 'பாடு எப்படி?' என்றுதான். பாடு என்றால் கிடைத்த மீன். பட்ட துன்பத்துக்கும் தமிழில் அதே சொல்தான். இந்தக் கரைக்குத் தனியாக விளக்கவுரை தேவையில்லை.

உப்பளத்தின் கதை வேறு. முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை, தருவைகுளம் என்று கரையை ஒட்டி வெள்ளைப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. கோடையில் விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் உப்பின் மினுக்கம் கண்ணைக் குத்தும் என்பதால் அதற்குள் வாரி முடிக்க வேண்டும். வாருபலகையால் இழுத்துச் சேர்த்த உப்பு அம்பாரமாகக் குவியும். ஆணும் பெண்ணும் பாத்தியில் இறங்குகிறார்கள். இங்கே பங்கு இல்லை, நாள்கூலி. மழைக்காலத்தில் வாங்கிய முன்பணம் கோடைக்கூலியில் கழியும்.

இந்த இரண்டு உலகங்களையும் ஒரே எழுத்தாளர் தனித்தனி நாவல்களாக எழுதியிருக்கிறார். ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்' மீனவர்களுடையது, 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுடையது. நேரில் போய்ப் பார்த்துக் கேட்டு எழுதியவர் அவர். இரண்டையும் ஒரே நாவலில் அடைக்க அவர் முயலவில்லை. புள்ளிவிவரம் அந்த வேலையை ஒரே அட்டவணையில் செய்கிறது.

இரண்டு அளவுகோல்கள்

இல்லாமையை அளந்து நோயோடு முடிச்சுப்போடும் பழக்கம் பெரிதாக வளர்ந்தது இங்கிலாந்தில். அங்கே இலவச மருத்துவம் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையில் சாவு விகித இடைவெளி குறையவில்லை என்று 1980இல் டக்ளஸ் பிளாக் தலைமையிலான குழு அறிக்கை தந்தது. அந்தக் குழுவில் இருந்த சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட், 1988இல் தன் சக ஆய்வாளர்களோடு ஒரு குறியீட்டை முன்வைத்தார். நான்கே கேள்விகள்: வேலையில்லாதவர் எத்தனை பேர், கார் இல்லாத வீடுகள் எத்தனை, சொந்த வீடு இல்லாதவர் எத்தனை, ஓர் அறைக்கு ஒருவருக்கு மேல் நெருக்கி வாழும் வீடுகள் எத்தனை. விடைகள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வரும், மதிப்பெண் வட்டாரத்துக்குக் கிடைக்கும்.

வட்டார அளவுகோலின் பலமும் பலவீனமும் முத்துக்குளித்த ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். கடலடியில் சிப்பி விளையும் படுகையைப் 'பார்' என்பார்கள். குளிப்பு நடத்தலாமா என்று முடிவெடுக்குமுன் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று கணிப்பார்கள். பாரின் மதிப்பு அதில் தெரிந்துவிடும். கையில் இருக்கும் இந்தச் சிப்பிக்குள் முத்து உண்டா என்பது பிளந்து பார்த்தால்தான் தெரியும். வட்டார மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு தனி ஒரு குழந்தையின் நோயைச் சொல்ல முற்படுவது, பாரின் விலையைச் சொல்லிச் சிப்பியை விற்பதற்குச் சமம்.

இரண்டாவது அளவுகோல் வட்டாரத்தை விட்டு வீட்டுக்குள் நுழைகிறது. 2010இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்களும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் கொண்டுவந்த பல்பரிமாண வறுமைக் குறியீடு அது. அதன் இந்திய வடிவத்தை நிதி ஆயோக் 2021இல் வெளியிட்டது. ஆரோக்கியம், கல்வி, வாழ்க்கைத்தரம் என மூன்று பிரிவுகளில் 12 குறிகள். ஊட்டச்சத்துக்கு ஆறில் ஒரு பங்கு மதிப்பு. பள்ளியில் படித்த ஆண்டுகளுக்கும் பள்ளி வருகைக்கும் தலா ஆறில் ஒரு பங்கு. குழந்தை இறப்புக்கும் தாய்சேய் நலத்துக்கும் தலா 12இல் ஒரு பங்கு. அடுப்பு, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, பொருள்கள், வங்கிக்கணக்கு ஆகிய ஏழுக்கும் தலா 21இல் ஒரு பங்கு. இல்லாதவற்றின் மதிப்பைக் கூட்டி, மூன்றில் ஒரு பங்கை, அதாவது 33.33ஐத் தொட்டால் அந்த வீடு வறிய வீடு.

வெறும் ரூபாய்க் கோட்டைவிட இது நல்ல அளவுகோல் என்பதில் சந்தேகம் வேண்டாம். இன்று 3,000 ரூபாய், நாளை ஒன்றுமில்லை என்று வரும் கடல் வருமானத்தை ரூபாய்க் கோட்டால் பிடிக்கவே முடியாது. அடுப்பையும் கூரையையும் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

இரு வீடுகளுக்கு மதிப்பெண்

கணக்குக்காக இரண்டு வீடுகளை அமைத்துக்கொள்வோம். இரண்டிலும் மூன்று வயதில் எடை குறைந்த ஒரு பிள்ளை.

உப்பள வீடு: ஓலைக்கூரை. விறகடுப்பு, எரிப்பது சீமைக்கருவேலம். கழிப்பறை இல்லை. மின்சாரம் உண்டு, வங்கிக்கணக்கு உண்டு, டிவியும் கைபேசியும் உண்டு. அப்பா எட்டாவது வரை படித்தவர், மூத்த பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். பிள்ளையின் எடைக்குறைவுக்கு 16.67. கூரை, அடுப்பு, கழிப்பறை மூன்றுக்கும் சேர்த்து 14.29. மொத்தம் 30.95. இந்த வீடு ஏழை வீடு இல்லை.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுவோம். குடிநீருக்கு நடந்துபோய்த் திரும்பிவர 30 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குறியீட்டின் விதிப்படி அது இல்லாமை. 4.76 கூடி மொத்தம் 35.71 ஆகிறது. வீடு வறுமைக்குள் வந்துவிட்டது. தண்ணீர்க்குடம் 28 நிமிடத்தில் வந்தால் ஏழையில்லை, 31 நிமிடத்தில் வந்தால் ஏழை. இரண்டு கணக்கிலும் பிள்ளையின் எடை ஒன்றுதான்.

கடல் வீடு: கான்கிரீட் கூரை, காஸ் அடுப்பு, டிவி, பைக், கைபேசி, வங்கிக்கணக்கு. கழிப்பறை மட்டும் பொதுக் கழிப்பறை, அதனால் 4.76. பிள்ளையின் எடைக்கு 16.67. மொத்தம் 21.43. உப்பள வீட்டைவிட ஒருபடி மேல். ஆனால் 13 வயது அண்ணன் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு அப்பாவோடு படகேறிவிட்டான் என்றால் பள்ளி வருகைக்கான 16.67 சேர்ந்து 38.10. வீடு வறுமைக்குள். இரண்டு ஆண்டு கழித்து அதே பையன் எட்டாம் வகுப்பு முடிக்கும் வயதைத் தாண்டிவிடுவான். அந்த வயதைத் தாண்டியவர்களைக் குறியீடு பள்ளியில் தேடாது. வீடு மறுபடி 21.43க்கு இறங்கிவிடும். தம்பியின் எடை அப்படியே இருக்க, அண்ணனுக்கு வயது ஏறியதால் ஒரு குடும்பம் வறுமையைத் தாண்டிவிட்டதாகப் புள்ளிவிவரத்தில் பதியும்.

டவுன்சென்டின் நான்கு கேள்விகளை இங்கே கேட்டால் வேறு குளறுபடி. கார் இரண்டு வீட்டிலும் இல்லை, ஆகவே அந்தக் கேள்வியால் பயனில்லை. சொந்த வீடா என்றால் புறம்போக்கில் குடிசை போட்டவரும் 'சொந்த வீடுதான்' என்பார், பொய்யும் இல்லை. வேலையில்லையா என்றால் இருவருக்கும் வேலை உண்டு. நான்காவது கேள்வி மட்டும் கடல் வீட்டைச் சரியாகத் தொடுகிறது: ஓர் அறையில் எத்தனை பேர்? கடலை ஒட்டியே குடியிருக்க வேண்டும், நிலமோ விரியாது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அதே வீட்டில் ஒரு தடுப்பு. நெருக்கமான அறையில் சளி, காசநோய், தட்டம்மை, சிரங்கு எல்லாம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எளிதில் தாவும். இந்தியக் குறியீட்டின் 12 குறிகளில் இடநெருக்கடி இல்லை. கூரை எதனால் ஆனது என்று கேட்கும் அது, கூரைக்குக் கீழே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

காற்றும் அதில் இல்லை. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியில் நிலக்கரி இறங்குகிறது, 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது, ரசாயன ஆலைகள் இருக்கின்றன. ஒரு தெருவின் காற்று அந்தத் தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் பொது, அதை வீட்டுப் பட்டியலில் எழுத இடமில்லை. வட்டார அளவுகோல் வீட்டு அளவுகோலை வெல்லும் இடம் இது. கலிபோர்னியா மாநிலம் 2013இல் மாசையும் சமூக இல்லாமையையும் ஒரே வட்டார வரைபடத்தில் சேர்த்து மதிப்பெண் தரும் முறையைக் கொண்டுவந்தது. துறைமுக ஊர்களுக்கு அந்த வழி பொருந்தும்.

மதிப்பெண்ணில் இல்லாத தாய்

மதிப்பெண்ணில் 12இல் ஒரு பங்கு தாய்சேய் நலத்துக்கு. கேட்பவை இரண்டு: கர்ப்பகாலத்தில் நான்கு முறையாவது பரிசோதனை நடந்ததா, பயிற்சி பெற்றவர் பிரசவம் பார்த்தாரா. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பிரசவக் கேள்வியில் உப்பளத் தாயும் கடற்கரைத் தாயும் ஒரே மாதிரி தேறிவிடுகிறார்கள். எல்லோரும் தேறும் தேர்வால் யாரையும் பிரித்தறிய முடியாது.

உண்மையில் இந்த இரண்டு தாய்களுக்கும் இடையிலான வேறுபாடு வெயிலில் இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெப்பமான இடங்களில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்தது. அதே நிறுவனம் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பது தெரிந்தது. உப்பளக் குழந்தையின் ஆரோக்கிய அபாயம் அது பிறக்குமுன்பே, பாத்தி ஓரத்தில் தொடங்கிவிடுகிறது. அந்த அபாயம் உயிரிழப்பாக முடிந்தால் மட்டும் குறியீடு குழந்தை இறப்பு என்ற குறியில் 8.33 மதிப்பெண் சேர்த்துக்கொள்ளும். கருவிலேயே போனால் அதுவும் இல்லை.

கடற்கரைத் தாய் பெரும்பாலும் படகேறுவதில்லை. மீன் வாங்கி விற்கிறாள், கருவாடு போடுகிறாள், கூடையோடு பஸ்ஸேறுகிறாள். வெயில் அவளுக்கும் உண்டு, ஆனால் பிள்ளையைத் தன் பார்வையிலேயே வைத்துக்கொள்ள அவளால் முடியும். உப்பளத் தாய் இருட்டோடு கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். ஆச்சியோ ஒன்பது வயது அக்காவோதான் எழுப்பிக் கஞ்சி கொடுக்க வேண்டும். அங்கன்வாடி திறக்க இன்னும் சில மணி நேரம் இருக்கும். பால்குடி மாறாத பிள்ளைக்கு அந்த மணி நேரங்கள் பசியாகவே கழியும். பாத்தியில் கூலி நிறைய வரும் மாதங்கள்தான் பிள்ளைக்குத் தாய் குறைவாகக் கிடைக்கும் மாதங்கள்.

இரண்டு நாட்காட்டிகள்

இல்லாமைக்கு மாதம் உண்டு, அந்த மாதங்கள் இரண்டு வீட்டுக்கும் வேறு. எந்தப் பட்டியலிலும் இதற்கு இடமில்லை.

உப்பளத்தில் வெறுமையான மாதங்கள் அக்டோபர் முதல் டிசம்பர். வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்தியில் உப்பு நிற்காது. 2022 முதல் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. சளியும் வயிற்றுப்போக்கும் டெங்குவும் கூடும் மழைமாதங்களிலேயே வீட்டில் கையிருப்பும் தீர்கிறது. ஆனால் ஒரு சிறு ஆறுதல்: பள்ளி திறந்திருக்கும். காலைச் சிற்றுண்டியும் மதியச் சத்துணவும் பெரிய பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடும்.

கடலில் வெறுமையான மாதங்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையேறி நிற்க வேண்டிய 61 நாட்கள். 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை, ஆனால் கச்சான் காற்று வலுத்துவிட்டால் அவர்களும் கரையில்தான்.

இந்த 61 நாளைப் பள்ளி நாட்காட்டிமேல் வைத்துப் பாருங்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஏப்ரலில் பள்ளி மூடுகிறது, ஜூனில் திறக்கிறது. அப்பாவின் படகு கட்டிக்கிடக்கும் அதே வாரங்களில் பள்ளிச் சமையலறையும் பூட்டிக்கிடக்கிறது. கடற்கரைப் பிள்ளையின் வீட்டுச் சோறும் பள்ளிச் சோறும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. உப்பளப் பிள்ளைக்கு மழையில் பள்ளி கைகொடுக்கும், கடற்கரைப் பிள்ளைக்குக் கோடையில் அதுவும் இல்லை. பட்டியலில் 21.43 வாங்கிய வீடுதான் இந்த இடத்தில் 30.95 வாங்கிய வீட்டைவிடக் கீழே நிற்கிறது.

இன்னொரு நுணுக்கம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது 2024 ஜூலை 15 அன்றுதான். நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில். முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரையின் மீனவ ஊர்களில் கத்தோலிக்க ஆலயத்தை ஒட்டிய பங்குப் பள்ளிகள் பல உண்டு, அவை உதவிபெறும் பள்ளிகள். அங்கே படித்த பிள்ளைகளுக்குக் காலை உணவு ஓராண்டும் இரண்டாண்டும் பிந்தி வந்ததற்குக் காரணம் பசியோ வறுமையோ இல்லை, பள்ளியை நடத்துபவர் யார் என்பதுதான்.

கணக்கெடுத்த மாதம்

இப்போது முதல் பத்தியின் புள்ளிவிவரத்துக்குத் திரும்பலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று தமிழ்நாட்டில் எப்போது நடந்தது? 2020 ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு கட்டம். ஊரடங்கு வந்து நிறுத்தப்பட்டு, 2020 டிசம்பர் பிற்பகுதியிலிருந்து 2021 மார்ச் வரை இன்னொரு கட்டம். மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் இதற்கு வெளியே. உப்பளத்தின் மழைமாதங்களில் டிசம்பரின் கடைசி சில நாட்கள் மட்டும் உள்ளே. களப்பணியாளர்கள் எடை பார்க்க வந்தபோது படகுகள் கடலில் இருந்தன, பாத்திகள் திருத்தப்பட்டு உப்பு விளையத் தொடங்கியிருந்தது. இந்த இரு பிழைப்பையும் பொறுத்தவரை அது ஓரளவு நல்ல காலத்து அளவு.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வயதுக்கேற்ற உயரமின்மை நாளாக ஆகச் சேரும் குறைபாடு. எந்த மாதத்தில் அளந்தாலும் பெரிதாக மாறாது. உயரத்துக்கேற்ற எடை அப்படியில்லை, சில வாரப் பசியிலும் ஒரு வயிற்றுப்போக்கிலும் சரிந்துவிடும், பிறகு தேறியும் விடும். ஆகவே உயரக் கணக்கை ஓரளவு நம்பலாம். மெலிவுக் கணக்கைக் கேட்டால் 'எந்த மாதத்தில்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் மாதங்களை அழித்துவிடுகிறது. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர் என்பது அதன் வரையறை. உப்பளத்தில் ஒன்பது மாதமும் கடலில் பத்து மாதமும் உழைப்பவர்கள் தயக்கமில்லாமல் முதன்மைத் தொழிலாளர்கள். மீதி மாதங்களில் அவர்கள் வீட்டில் என்ன வெந்தது என்பதை அந்தச் சொல் மூடிவிடுகிறது.

நாட்காட்டியே புரண்டுபோகும் ஆண்டுகளும் உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 94.6 சென்டிமீட்டர் மழை. ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி பெருகியது, உப்பளங்கள் நீரில் மூழ்கின. அந்த ஆண்டு உப்பள வீட்டின் வெறுமை டிசம்பரோடு முடியவில்லை. தமிழ்நாட்டின் 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை 2.2 சதவீதக் கணக்கைச் சுட்டி, ஐந்து லட்சம் ஏழைக் குடும்பங்களைக் கண்டறிந்து கைதூக்கிவிடுவோம் என்றது. கண்டறிவது நல்ல நோக்கம். ஆனால் நவம்பரில் போட்டால் ஒரு பட்டியல் வரும், மே மாதத்தில் போட்டால் வேறொரு பட்டியல் வரும்.

தராசு ஏற்கனவே இருக்கிறது

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமில்லை. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். யார் ஏழை என்று கேட்கவில்லை. யாருடைய எடை ஏறாமல் நிற்கிறது என்று பார்த்து, அந்தப் பிள்ளைக்குச் சத்துமாவு கொடுத்தார்கள், தேறியதும் நிறுத்தினார்கள். இரண்டே ஆண்டில், 1982 ஜூலை 1 அன்று, எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் நேர்மாறான கொள்கையோடு வந்தது: யாரையும் அளக்க வேண்டாம், வந்த பிள்ளைக்கெல்லாம் சோறு. வல்லுநர்கள் நெடுங்காலம் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி வாதாடினார்கள். தமிழ்நாடு இரண்டையும் விடவில்லை. 2022இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டமும் பிள்ளையை எடைபோட்டே தேர்ந்தெடுக்கிறது. எல்லோருக்குமான சோறு ஒரு தளம், எடை சரிந்த பிள்ளைக்கான கூடுதல் கவனம் அதன்மேல் இன்னொரு தளம்.

இந்த ஒப்பீட்டின் முடிவு, இல்லாமை அளவீடுகளைத் தூக்கியெறிவதில் இல்லை. எதற்கு எதைப் பயன்படுத்துவது என்பதில் இருக்கிறது. காற்று, நெருக்கடி, தண்ணீர் ஆகியவற்றுக்கு வட்டார அளவுகோல். கூரைக்கும் அடுப்புக்கும் வீட்டுப் பட்டியல். பிள்ளையின் உடம்புக்கு மாதாந்தர எடை. மூன்றையும் ஒரே எண்ணாக்கிக் கூட்டும்போதுதான் உப்பளத்துப் பசியும் கடற்கரைப் பசியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

வீட்டுப் பட்டியல் எடுப்பவர்கள் இந்தக் கரையில் இரண்டு கேள்விகளைக் கூடக் கேட்டால் போதும். கடந்த 12 மாதத்தில் எந்தெந்த மாதம் கடன் வாங்கிச் சாப்பிட்டீர்கள்? அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் சின்னப் பிள்ளை யாரிடம் இருக்கிறது? முதல் கேள்விக்குக் கடல் வீடு மே மாதத்தைச் சொல்லும், உப்பள வீடு நவம்பரைச் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு உப்பள வீட்டில் கொஞ்சம் மௌனம் இருக்கும். விடைகளிலிருந்து செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும்: தடைக்காலத்தில் கடற்கரைப் பள்ளிகளின் சமையலறையைத் திறந்துவைப்பது, கோடையில் உப்பளத்தை ஒட்டி விடியுமுன் திறக்கும் ஒரு பிள்ளைக்காப்பகம், மழைக்கால நிவாரணத்தை மழைக்கு முன்பே கொடுப்பது.

இதற்குப் புதிய குறியீடு எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அங்கன்வாடியில் டீச்சர் ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளைத் தராசில் ஏற்றி எடையைப் பதிகிறார். அந்தப் பதிவு மேலே போகப்போகச் சராசரியாகி, மாவட்டமாகி, மாநிலமாகி, மாதத்தை இழந்துவிடுகிறது. மீனவர்கள் வாழும் இனிகோ நகரின் மே மாத எடையையும் முள்ளக்காட்டின் நவம்பர் மாத எடையையும் யாராவது ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பாத்தியின் கணக்கும் பாட்டின் கணக்கும் அங்கே தனித்தனியாகத் தெரியும்.